முழுப் பொருத்தம்

அன்றைக்கும் நர்ஸ் வழக்கம்போல வெறும் பையைத்தான் கொண்டுவந்தாள். காஸ்பர் சட்டைக் கையை மடித்துவிட்டு இடது கையை நீட்டிக் கட்டிலில் படுத்துவிட்டார். எஸ்தர் அவருடைய செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் அரை லிட்டர் குடிக்க வேண்டும் என்பது ஏழு வருடப் பழக்கம். ஊசி போடுவதற்குள் டாக்டர் ஜெயக்கொடி காலையில் எடுத்த டெஸ்ட் பேப்பரோடு வந்தார். பையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்.

“இன்னிக்கு எடுக்க வேணாம்மா. ஏத்தணும்.”

“யாருக்கு மேடம்?” என்று கேட்டாள் எஸ்தர்.

“உங்க வீட்டுக்காரருக்குத்தான். ரத்தம் ஆறு புள்ளி எட்டுதான் இருக்கு.”

எஸ்தர் அந்தப் பேப்பரை வாங்கிப் பெயரைப் பார்த்தாள். காஸ்பர், வயது ஐம்பத்தைந்து, செஞ்சி. பெயர் சரியாகத்தான் இருந்தது. வேறு ஒரு காஸ்பர் செஞ்சியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவர் படி ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கியதும், சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னதும், வயதாகிறது என்று தான் விட்டுவிட்டதும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் சொன்னது நேர்மாறானது. செஞ்சி நெல் கமிட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காஸ்பருக்கு ஓயாத தலைவலி. குளித்துவிட்டு வந்தால் உடம்பு முழுக்க ஊறல். செஞ்சி டாக்டர் புதுச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். புதுச்சேரியில், இவருடைய எலும்பு மஜ்ஜை நிற்காமல் ரத்தத்தை உற்பத்தி செய்கிறது, அதனால் ரத்தம் கெட்டியாகிவிட்டது, எங்கேயாவது அடைத்துக்கொண்டால் கை கால் விழுந்துவிடும் என்றார்கள். வைத்தியம் தினம் ஒரு மாத்திரை, இரண்டு மாதத்துக்கு ஒரு பை ரத்தத்தை எடுத்துவிடுவது. முதல் தடவை எடுத்த பையை நர்ஸ் குப்பைக்கு அனுப்பும் மஞ்சள் வாளியில் போட்டதை எஸ்தர் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கே ரத்தம் எட்டுதான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அவளுக்கு, பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வியாழக்கிழமைதோறும் நர்சம்மா ஒன்று சேர்த்துத் தருவார். “அத எனக்கு ஏத்தக் கூடாதா சிஸ்டர்?” என்று அவள் கேட்டதற்கு அந்த வார்டே சிரித்தது. சீக்கு ரத்தம், யாருக்கும் ஆகாது என்று பிறகுதான் விளக்கினார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை இவர் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை எஸ்தர் தன்னுடைய அடுப்படிவரை நீட்டிக்கொண்டாள். முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம் எதுவும் காஸ்பர் தட்டுக்கு வராது. ஒரு தடவைகூட ஆஸ்பத்திரித் தேதியைத் தவறவிட்டதில்லை. அவர் சலித்துக்கொண்டாலும் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிடுவாள்.

இப்போது அதே கையில் வேறு யாருடைய ரத்தமோ சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டார்கள். குப்பி காலியாகவே இருந்தது. கடைசியில் எலும்பையே துளி வெட்டி எடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து டாக்டர் ஜெயக்கொடி இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

“பீர்க்கங்காய் முத்திக் காஞ்சா உள்ள இன்னா இருக்கும்?”

“நாரு” என்றாள் எஸ்தர்.

“அந்த மாதிரி ஆயிடுச்சும்மா இவரு எலும்புக்குள்ள. இத்தனை வருஷம் அதிகமா வேலை செஞ்ச எடம் இப்ப நாரா மாறிக்கிட்டு வருது. ரத்தம் உற்பத்தி ஆக எடமில்ல. அதனால மண்ணீரல் அந்த வேலையை எடுத்துக்கிட்டு வீங்கிடுச்சு. அதான் சாப்பாடு எறங்கல.”

“நாங்க எடுத்து எடுத்து வத்திப்போச்சா மேடம்?”

“இல்ல. எடுக்காம விட்டிருந்தா இந்த ஏழு வருஷமே இருந்திருக்காது. நூத்துல பத்துப் பதினஞ்சு பேருக்கு இந்த நோய் இப்படித் திரும்பும். உங்க மேல தப்பே இல்ல.”

எஸ்தர் தலையை ஆட்டினாள். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் நம்பவில்லை.

மூன்று வழி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒன்று, ரத்தம் குறையும்போதெல்லாம் ஏற்றிக்கொண்டே ஓட்டுவது. எவ்வளவு நாள் என்று கேட்டால் இரண்டு வருடம், மூன்று வருடம், உறுதியில்லை. இரண்டாவது, புதிதாக வந்திருக்கும் ஒரு மாத்திரை. மண்ணீரல் சுருங்கும், சாப்பாடு இறங்கும், அசதி குறையும். ஆனால் நார் நாராகத்தான் இருக்கும், ரத்தம் ஏற்றுவதும் நிற்காது. காப்பீட்டில் கிடைக்க அவரே எழுதிப் பார்ப்பார். மூன்றாவதுதான் நோயை அடியோடு எடுக்கிற வழி. மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டுக் கூடப்பிறந்தவர்களுடைய மஜ்ஜையை ஏற்றுவது. சென்னையில் செய்கிறார்கள். பொருந்த வேண்டும். பொருந்தினாலும் பத்துப் பேரில் மூன்று பேர் அந்த வருடத்தைத் தாண்டுவதில்லை.

காஸ்பர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அந்த மூணு பேர்ல நான் இருக்கேனா இல்லியான்னு மின்னாடியே தெரியாதுங்களா?” என்று கேட்டார். கமிட்டியில் மூட்டையில் ஈரம் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல்.

“தெரியாதுங்க.”

“அப்ப மாத்திரையே குடுங்கம்மா.”

“அவசரப்படாதீங்க. கூடப்பொறந்தவங்க யார் இருக்காங்க?”

“ஒரே அக்கா. வல்லத்துல.”

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் செஞ்சியில் இறங்கியதும் கடைத்தெருவில் நுழைந்து முருங்கைக்கீரை வாங்கினாள். ஆய்ந்து, வேர்க்கடலை தட்டிப்போட்டுப் பொரியல் செய்து, அவர் தட்டில் கைப்பிடி கைப்பிடியாக வைத்தாள். காஸ்பர் தட்டையும் அவளையும் பார்த்தார். அவளுக்கு அழுகை வெடித்தது. ஏழு வருடம் ஒரு வாய் கீரை போடாமல் தானே உலர்த்திவிட்டதாகச் சொல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“நிறுத்து எஸ்தரு” என்றார் காஸ்பர். “நீ ஒண்ணும் உலத்தல. கமிட்டிக்கு எதுர்ல தங்கராசு கடை இருக்குதில்ல, வாரத்துக்கு ரெண்டு நாளு அங்க ஈரல் தின்னுட்டுதான் வருவேன். உங்கிட்ட சொன்னா பஸ் ஏத்துற மாதிரி கடையையும் பூட்டிடுவன்னுதான் சொல்லல.”

அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. “நெசமாவா?”

“பின்ன?” என்று கீரையைப் பிசைந்தார்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தங்கராசு கடை வாசலில் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். எஸ்தர் ஒரு நிமிடம் நின்றாள். கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்காமல் நடந்துவிட்டாள்.

வல்லத்து அக்காவிடம் போன் பண்ணிப் பேச காஸ்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மாத்திரை என்று முடிவுசெய்துவிட்டார். பத்தில் மூன்று என்பது அவருக்குப் பெரிய கணக்காக இருந்தது. எஸ்தருக்கோ பத்தில் ஏழு காதிலேயே நின்றது. சத்துணவுக் கூடத்தைக் கழுவிவிட்டு ஒரு மதியம் அவளே வல்லத்துக்கு பஸ் ஏறினாள்.

நாத்தனார் சவரியம்மாளோடு அவள் முகம் பார்த்துப் பேசி ஆறு வருடம் ஆகிறது. ரத்தம் எடுக்க ஆரம்பித்த முதல் வருடம், மாதா கோயில் தேர்த் திருவிழாவில், பாதி ஊர் கேட்க அந்த அம்மா கத்தியது: “என் தம்பி ரத்தத்த வித்தாடி திங்கிற?” அதற்குப் பிறகு கல்யாணத்திலும் சாவிலும் எதிரெதிரே உட்கார்ந்ததோடு சரி. எப்போது பார்த்தாலும் அந்தச் சிவந்த முகமும் சிவந்த கண்ணும் தன்மேல் உள்ள ஆத்திரம் என்றே எஸ்தர் எண்ணியிருந்தாள்.

சவரியம்மாள் வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பிடுங்கிவந்த மல்லாட்டைச் செடியிலிருந்து வேர்க்கடலைக் காயை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு காலும் தண்ணீர் ஊற்றிய அலுமினியத் தாம்பாளத்தில் இருந்தன. விதவை. அறுபத்தொரு வயது. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக ஒண்ணரை ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறார்.

“இன்னாடி, வழி தெரிஞ்சுதா?”

எஸ்தர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பீர்க்கங்காய் நார் வரைக்கும் சொன்னாள். சவரியம்மாள் கை நிற்கவில்லை. காய் கூடையில் விழுந்துகொண்டே இருந்தது.

“எடுத்து எடுத்து ஊத்துனீங்க. இப்ப காலியா?”

எஸ்தர் கூடைக்கு வெளியே சிதறிய காயைப் பொறுக்கிப் போட்டாள்.

“எங்கிட்ட இன்னா வோணும்?”

“எலும்புக்குள்ள இருக்கறதுதான் அண்ணி. பொருந்துதான்னு மொதல்ல ஒரு டெஸ்ட்டு எடுப்பாங்க.”

இன்னும் இரண்டு செடி ஆய்ந்து முடித்தார். பிறகு தாம்பாளத்திலிருந்து காலை எடுத்துப் புடவையில் துடைத்தார்.

“நாலு பேர் பொறந்தோம். ரெண்டு சின்னதுலயே போயிடுச்சு. எலும்பையே வோணும்னாலும் எடுத்துக்கச் சொல்லு. எந்தக் கெழமை வரணும்?” எஸ்தர் கையெடுத்துக் கும்பிடப் போனாள். “அதெல்லாம் வேணாம். உம்மேல கோவம் கோவம்தான்” என்று சொல்லி ஒரு சின்ன மூட்டை மல்லாட்டையை அவள் காலடியில் நகர்த்தினார்.

அக்காவே வந்து நின்றபோது காஸ்பரால் மறுக்க முடியவில்லை; புதுச்சேரியில் இருவருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் வாரம் சவரியம்மாளை மறுபடி கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்குச் சரிபார்க்க என்றார்கள். எஸ்தருக்கு அந்த நாட்களில் சோறு வடிக்கும்போதும் பஸ்ஸிலும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபமாலையில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் பொருந்தணும், பொருந்தணும் என்று சேர்த்துக்கொண்டாள். வரச்சொல்லிப் போன் வந்த அன்று காஸ்பருக்கும் ரத்தம் ஏற்றும் நாள். மூவரும் ஒன்றாகவே போனார்கள். அவரை வார்டில் படுக்கவைத்துவிட்டுப் பெண்கள் இருவரும் டாக்டர் அறைக்குள் நுழைந்தார்கள்.

“முழுப் பொருத்தம்மா” என்றார் டாக்டர் ஜெயக்கொடி. “பத்துக்குப் பத்து.”

“மாதாவே!” எஸ்தர் தன்னையறியாமல் நாத்தனார் கையைப் பிடித்துவிட்டாள். சவரியம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “பொருந்தாம இன்னா? ஒரே வவுறு” என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேப்பரைப் புரட்டிவிட்டு, சவரியம்மாளைப் பார்த்துக் கேட்டார். “உங்களுக்குத் தலைவலி வருமாம்மா?”

“வரும். வெயில்ல நிக்கிறவளாச்சே.”

கால் எரியுமா என்று அடுத்துக் கேட்கப்போகிறார் என்று எஸ்தருக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கால் எரியுமா?”

“அது எரியாத நாளு எது? தண்ணியிலயே வெச்சினு இருப்பேன்.”

குளித்தால் ஊறுமா. கேட்காதே, அதைக் கேட்காதே என்று எஸ்தர் டாக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குளிச்சிட்டு வந்தா உடம்பு ஊறுமா?”

சவரியம்மாள் வியந்துபோனார். “ஆமாம்மா. ஒரு மணி நேரம் சொறியணும். போர்த் தண்ணி சரியில்லன்னு நெனச்சினு இருக்கேன். அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?”

எஸ்தர் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தாள். சிவந்த கன்னம், ரத்தம் கட்டிய கண், கருத்துச் சிவந்த உள்ளங்கை. ஏழு வருடம் ஒரே கட்டிலில் பார்த்த அதே நிறம். தேர்த் திருவிழாவில் கத்தியபோதும் இந்த முகம் இப்படித்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் தாம்பாளத்துத் தண்ணீரில் கால் இருந்தபோது எஸ்தர் எதிரிலேயே நின்றிருந்தாள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். ரத்தம் பதினெட்டரை இருக்கிறது. சந்தேகப்பட்டு மறுபடி எடுத்துப் பார்த்தோம், ஜீன் டெஸ்டும் பார்த்தோம். தம்பிக்கு ஏழு வருடத்துக்கு முன்னால் இருந்தது அக்காவுக்கு இப்போது இருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் இருவருக்கும் வருவது அபூர்வம், ஆனால் வரும். இவருடைய மஜ்ஜையை ஏற்ற முடியாது. இவருக்கு இன்றைக்கே ரத்தம் எடுத்தாக வேண்டும்.

“இருக்கட்டும்மா” என்றார் சவரியம்மாள். “எனக்கு ஜாஸ்தியா இருக்குது, அவனுக்கு இல்ல. அங்கருந்து இங்க குடுக்கறதுக்கு இன்னா?”

“ஆகாதும்மா. அதே நோயைத்தான் திருப்பி ஏத்துற மாதிரி.”

“அப்ப நான் இங்க எதுக்கு வந்தேன்?”

மின்விசிறிக் காற்றில் மேசைமேல் இருந்த பேப்பரின் ஓரம் படபடத்தது.

“பசங்க இருக்காங்களா?” என்று டாக்டர் எஸ்தரைக் கேட்டார்.

“ஒரே பையன். விமல்ராஜ். ஒரகடத்துல கம்பெனியில இருக்கான்.”

“பிள்ளைங்களுக்குப் பாதிப் பொருத்தம் இருக்கும். அதுலயும் செய்யறாங்க. ரிஸ்க் இன்னும் கூட. அது அப்புறம். மொதல்ல அவருக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுவோம்.”

“அவன் நைனாவுக்குக் குடுக்க முடியுமான்னு பாக்கவா மேடம்?”

டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டார். “அதுக்கும்தான்” என்றார்.

எஸ்தர் எழுந்து வெளியே வந்தாள். காரிடாரில் சுவரோரம் நின்று போனைப் போட்டாள். விமல்ராஜ் ஷிப்டில் இருந்தான். மெஷின் சத்தத்துக்கு நடுவில், “இன்னாம்மா, நைனா நல்லாக்கீறாரா? சாப்டியா?” என்றான். அவன் சின்ன வயதில் ஓடிவிளையாடிவிட்டு வந்தால் முகம் சிவந்துபோகும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சிவக்கும். சனிக்கிழமை லீவு போட்டு வா என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று கேட்டான். வா, வந்தப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

காஸ்பர் படுத்திருந்தது காரிடாரின் ஒரு கோடி. சவரியம்மாளைப் படுக்கவைத்தது மறு கோடி. எஸ்தர் இரண்டுக்கும் நடுவில் நடந்தாள். இந்தப் பக்கம் சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

“அரை லிட்டர் குடிக்கணும் அண்ணி. இல்லன்னா மயக்கம் வரும். கையை இப்பிடி மடக்கி மடக்கி விடுங்க. ஊசியைப் பாக்காதீங்க, அங்க ஜன்னலைப் பாருங்க.”

சவரியம்மாள் ஜன்னலைப் பார்க்கவில்லை. குழாயில் இறங்கிக் கீழே பை உப்பிவருவதையே பார்த்தார். நர்ஸ் அதை முடிச்சுப் போட்டு எடுத்து வாளியில் போட்டதையும் பார்த்தார்.

“இதத்தான் ஏழு வருசம் நின்னு பாத்துனு இருந்தியா?”

“ஆமா அண்ணி.”

சவரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். “அவங்கிட்ட சொல்லாத” என்றார். “பொருந்தலன்னு மட்டும் சொல்லிடு.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று மணிக்கு அக்கா வார்டுக்குள் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்ததும் காஸ்பர் அவருடைய முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார்.

“இன்னா அக்கா இது?”

“டெஸ்ட்டுக்கு எடுத்தாங்க.”

“டெஸ்ட்டுக்கு இம்மாம் பெரிய ஊசி போட மாட்டாங்களே” என்றார். சொல்லிவிட்டு எஸ்தரைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காஸ்பர் எழுந்து உட்கார்ந்தார். அக்காவின் உள்ளங்கையைத் தன் கையில் எடுத்து, தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அது சிவந்திருந்தது, இது வெளுத்திருந்தது. “உனக்குமா?” என்றார். சவரியம்மாள், “போடா, இதுக்குப் போயி” என்று அதட்டினார். அதட்டல் பாதியில் உடைந்துவிட்டது.

டாக்டர் புது மாத்திரைக்கான காப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது வரும்வரை பழைய மாத்திரையும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றுவதும். சவரியம்மாளுக்கு மாதம் ஒரு தடவை எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வருகிற மாதிரி தேதி போட்டுத் தரமுடியுமா என்று எஸ்தர் கேட்டாள். முடிந்தவரை பார்க்கிறேன் என்றார். இரண்டு சீட்டிலும் கூட வருபவர் பெயர் என்ற இடத்தில் எஸ்தர் தன் பெயரையே எழுதினாள்.

திண்டிவனம் வழியாகப் போகிற செஞ்சி பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. அவள் நடுவில் உட்கார்ந்தாள். செஞ்சி இரண்டு, வல்லம் ஒன்று என்று டிக்கெட் வாங்கினாள். திண்டிவனம் தாண்டுவதற்குள் காஸ்பர் தூங்கி அவள் இடது தோளில் சாய்ந்தார். கொஞ்ச தூரத்தில் சவரியம்மாளின் தலை ஜன்னல் கம்பியில் இரண்டு முறை இடித்து, பிறகு தானாக இந்தப் பக்கம் சரிந்து வலது தோளில் நின்றது. ரத்தம் எடுத்த முதல் நாள் அப்படித்தான் தூக்கம் வரும் என்று எஸ்தருக்குத் தெரியும். அந்த அம்மாவின் தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. தலையில் விளக்கெண்ணெய் வாசம். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மகன் வந்து உட்காரும்போது முதலில் எதைச் சொல்வது என்று அவள் வார்த்தைகளைத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

“வல்லம் எறங்குறவங்கல்லாம் வா!” கண்டக்டர் கம்பியைத் தட்டினார். பஸ் நின்றது. நான்கைந்து பேர் இறங்கினார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “அம்மா, ஒரு வல்லம் வாங்குனீங்களே, எழுப்புங்க” என்றார்.

எஸ்தர் வலப்பக்கம் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள். சவரியம்மாளின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பஞ்சு ஒட்டிய கை மடியில் மல்லாந்து கிடந்தது. இறங்கிப் போனால் தனி வீடு. மயக்கம் வந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது.

“வேணாம்பா” என்றாள். “அவங்களுக்கும் செஞ்சிக்கே போட்டுடு.”

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். வாங்கக் கையை உயர்த்தினால் தோள் அசையும். எஸ்தர் விரல்களை மட்டும் விரித்தாள். அவர் அவள் முகத்தையும், இரண்டு பக்கமும் சாய்ந்திருந்த தலைகளையும் பார்த்துவிட்டு, குனிந்து அதை அவளுடைய இரண்டு விரலுக்கு நடுவில் செருகினார். பஸ் வல்லத்தை விட்டு நகர்ந்தது. முன் கண்ணாடியில் கோட்டை மலைகள் தெரிய ஆரம்பித்தன. பாறையில் இன்னும் வெயில் இருந்தது. எஸ்தர் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.